சொர்ணம் பெரியம்மாவின் பெர்மிட்

கோமதி,

நேற்றும் போனில் அதே கேள்வியைக் கேட்டாய். "அப்பா, பெட்டி கட்டியாச்சா?" நானும் அதே பதிலைச் சொன்னேன். "கட்டிக்கிட்டேதான் இருக்கேன் மோளே." அத்தனையும் பொய். பெட்டி அலமாரிக்கு மேலேயே கிடக்கிறது, அதன் மேலிருக்கிற தூசியைக்கூட நான் தட்டவில்லை. உண்மையைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ குறுக்கே புகுந்து இரண்டே வாக்கியத்தில் என்னை மடக்கிவிடுவாய். கவுண்டரில் உட்கார்ந்து பழகிய வாய் அல்லவா! அதனால்தான் எழுதுகிறேன். தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். மலையாளத்தில் எழுதிக் கொடுத்தால் சாயா ஆறுவதற்குள் படித்து முடித்து, தப்பையும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவாய். தமிழ் என்றால் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டியிருக்கும், எனக்கு வேண்டியதும் அதுதான். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. உன்கூட வேலை பார்க்கிறவர்களுக்கு வாசித்துக் காட்ட நினைத்தாலும் காட்டு.

காசர்கோட்டு ஆபீசுக்கு மாறுதல் வந்து நீ ரயில் ஏறிய அன்று, பிளாட்பாரத்தில் வைத்து ஒரு வார்த்தை சொன்னாய். வண்டி நகரப்போகிற நேரத்தில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். "நான் வாயை மூடிக்கிட்டு முத்திரையைக் குத்திக் கொடுத்திருக்கலாம்ப்பா. பெரியம்மா பொழப்பை நானே கெடுத்துட்டேன்." பதில் சொல்வதற்குள் ரயில் போய்விட்டது. வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தவன் அப்படியே மூடி வைத்துவிட்டேன். என் மகளுக்கு யார் என்ன தண்டனை கொடுத்தாலும் பொறுத்துக்கொள்வேன், அவள் தனக்குத்தானே கொடுத்துக்கொள்கிற தண்டனையை எப்படிப் பொறுப்பது? நீ கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாய், நான் இந்தப் பக்கம் வரிசையில் நின்றேன். இந்தப் பக்கத்திலிருந்து என்ன தெரிந்தது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன், சலித்துக்கொள்ளாதே.

நீ பரீட்சை எழுதித் தேறி, வண்டிகளுக்கு லைசன்ஸும் பெர்மிட்டும் கொடுக்கிற ஆபீசிலேயே வேலைக்குச் சேர்ந்தபோது நம் மட்டாஞ்சேரி டாக்ஸி ஸ்டாண்டில் நடந்த கூத்து நினைவிருக்கிறதா? லட்டு என்ன, கைதட்டல் என்ன! எல்லா டிரைவர்களும் என் முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டியதில் முதுகு வீங்கிப் போனது. "இனிமே நமக்கு என்னடே கவலை? ஆபீசுல நம்ம பிள்ளை இருக்கு." அன்று சாயங்காலம் நீ ஸ்டாண்டுக்கே வந்தாய். லட்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டே சொன்னாய், "மாமா எல்லாரும் கேட்டுக்கோங்க. யாரும் வரிசையைத் தாண்டி என்கிட்ட வரக்கூடாது. வரிசையில நின்னு வந்தா என் காசுல சாயா வாங்கித் தாரேன். தாண்டி வந்தா அப்பா மேல சத்தியமா திருப்பி அனுப்பிடுவேன்." எல்லாரும் சிரித்தார்கள். வேலாயுதம் அண்ணாச்சி மட்டும் சிரிக்காமல் என் காதருகே வந்து, "இந்தப் புள்ள சொன்னபடி செய்யும்வே" என்றார். அவர் சொன்னது சரிதான் என்று நீ நிரூபித்த நாளில் அவர் இல்லாமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அண்ணாச்சியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தென்காசிப் பக்கத்திலிருந்து எனக்கு முன்னால் கொச்சிக்கு வந்து, என்னையும் இழுத்து வந்து, என் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்தவர். அவருக்கும் சொர்ணம் மதினிக்கும், அதாவது உன் பெரியம்மாவுக்கும், குழந்தை இல்லை. அதனால் உன்மேல் உயிர். ஒருநாள் காலையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே வண்டியில் சாய்ந்து உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. நெஞ்சு வலி என்று சொல்லக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அவருக்கு உடம்பு முடியாத நாட்களில் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தவன் தம்பி தங்கராசு. அண்ணன் மேல் அவனுக்கு இருந்த பாசத்தை யாரும் குறை சொல்ல முடியாது. கொள்ளி வைத்துவிட்டு வந்து, அந்த வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து, அவன் அழுத அழுகையை நான் பார்த்தேன்.

கருமாதி முடிந்ததும் ஸ்டாண்டில் ஒரே பேச்சுதான், பெர்மிட் யார் பேருக்கு? வண்டியை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம், ஆனால் அதை டாக்ஸியாக ஓட்டுவதற்கு அரசாங்கம் கொடுத்த அனுமதி, அதுதான் பெர்மிட், அதை அப்படிக் கைமாற்ற முடியாது. அது ஒருவர் பேரில் இருக்கும். அவர் இறந்துவிட்டால் வீட்டுக்காரர்கள் ஒரு மாதத்துக்குள் ஆபீசுக்குத் தகவல் சொல்ல வேண்டும், மூன்று மாதத்துக்குள் தங்கள் பேருக்கு மாற்றித் தரச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும். இவ்வளவு எங்கள் ஸ்டாண்டில் எல்லாருக்கும் அத்துப்படி. இதற்கு மேலே எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் நாங்களே உண்டாக்கிய சட்டம். அதில் முதல் சட்டம், வண்டி ஓட்டத் தெரியாதவர் பேருக்கு பெர்மிட் ஏறாது. எங்கள் ஸ்டாண்டில் பெர்மிட் வைத்திருந்தவன் எல்லாம் டிரைவர்தான். வேறு மாதிரி ஒருவரை நாங்கள் கண்ணால் கண்டதில்லை. காணாததை இல்லை என்று முடிவுகட்டி, அதை அரசாங்கத்தின் தலையில் கட்டிவிட்டோம். சொர்ணம் மதினிக்கு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது. ஆகவே தங்கராசு பேருக்கு மாற்றுவது என்று எல்லாரும் கூடி முடிவு செய்தோம். நானும்தான் தலையாட்டினேன். மதினியை ஏமாற்ற வேண்டும் என்று ஒருத்தனும் நினைக்கவில்லை. பெர்மிட் வீணாகப் போகாமல் காப்பாற்றுகிறோம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

மனுக் கொடுக்கிற அன்று மதினியையும் தங்கராசுவையும் ஆபீசுக்கு என் வண்டியில்தான் கூட்டி வந்தேன். இப்போது எல்லாம் ஆன்லைன் என்கிறார்கள், ஆனாலும் காகிதம் ஒருநாள் கவுண்டருக்கு வந்துதான் தீர வேண்டியிருக்கிறது. தங்கராசு முன்னால் உட்கார்ந்திருந்தான். மதினி பின்னால், மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு, உட்கார்ந்திருந்தார்கள். தேவரா சிக்னலில் வண்டி நின்றபோது தங்கராசு திரும்பி, "மதினி, மாசாமாசம் உங்க கையில கொண்டாந்து தந்துருவேன். அண்ணன் இருந்த மாதிரியே நெனச்சுக்கோங்க" என்றான். மனதாரத்தான் சொன்னான். மதினி "சரிப்பா" என்றார்கள். சிக்னல் விழுந்து கொஞ்ச தூரம் போன பிறகு, "தம்பி, வண்டிக்குள்ள அவுக ஒட்டி வச்சிருக்க பிள்ளையார் படத்தை மட்டும் நான் எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டார்கள். தங்கராசு, "ஐயோ, அதுக்கென்ன மதினி, எடுத்துக்கோங்க" என்றான். எனக்குத்தான் ஸ்டியரிங் கனத்தது. கொடுக்கிற பொருளிலிருந்து ஒரு படத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள் என்றால், அவர்கள் அந்த வண்டியை எவ்வளவு முழுசாகக் கைவிட்டுவிட்டார்கள்! இருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. வேறு வழி இல்லை என்று நானும் நம்பினேனே.

உன் கவுண்டருக்கு முன்னால் வரிசையில் நின்றோம். நீ என்னைப் பார்த்தாய், பார்த்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. "அடுத்தது" என்று மலையாளத்தில் சொன்ன குரலில் நான் உன் அப்பன் என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை. அடி ஆத்தே, இவ எங்கிட்டதானா காலையில இட்லிக்கு எண்ணெய் போதலைன்னு சண்டை போட்டா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தங்கராசு காகிதங்களை நீட்டினான். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அப்புறம் மதினி எழுதிக் கொடுத்த சம்மதப் பத்திரம். வண்டியையும் பெர்மிட்டையும் கொழுந்தன் பேருக்கு மாற்ற எனக்கு ஆட்சேபம் இல்லை என்று மலையாளத்தில் எழுதி, கையெழுத்து வாங்கி, நோட்டரி முத்திரையும் போட்டிருந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. நீ அதை வாங்கி, முத்திரையைக் குத்தி, உள்ளே தள்ளிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருந்தால் உன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க முடியாது. எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

நீ அந்தப் பத்திரத்தை இரண்டாம் தடவை வாசித்தாய். பிறகு எழுந்து உள்ளே போய், உன் மேலதிகாரியைக் கூட்டிக்கொண்டு வந்தாய். "சார், இவங்க எனக்கு வேண்டியவங்க. நான் தனியா இதைப் பார்க்கக்கூடாது. நீங்க பக்கத்துல இருங்க" என்று அவரிடம் மலையாளத்தில் சொன்னாய். அப்புறம், அந்த ஆபீசில் நான் முதன்முதலாகக் கேட்டது, தமிழில் பேசினாய்.

"பெரியம்மா, இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"தெரியும்மா. தம்பி பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கேன்."

"உங்களுக்கு அதுதான் இஷ்டமா?"

மதினி என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். பிறகு சொன்னார்கள், "இஷ்டம் என்னம்மா இஷ்டம். வண்டி ஓட்டத் தெரியாதவ பேருக்கு பெர்மிட் ஏறாதாம்லா. அது சும்மா கெட்டுப் போறதுக்கு, சொந்தத்துக்குள்ள இருக்கட்டும்னு தான்."

"ஏறாதுன்னு யாரு சொன்னா?"

"ஸ்டாண்டுல எல்லாரும்தான் சொன்னாக. உங்கப்பாவும்தான் சொன்னாரு."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நீ மட்டும் பார்க்கவில்லை, அந்த ஒரு கருணைக்கு உனக்கு நன்றி. "பெரியம்மா, அப்படி ஒரு நியமம் கிடையாது. இந்தா நிக்கிற பஸ்ஸெல்லாம் இருக்கே, அதுக்கு முதலாளிமாரு எல்லாம் பஸ் ஓட்டுறாங்களா? லைசன்ஸ் வேண்டியது ஓட்டுறவங்களுக்கு. பெர்மிட் யாரு பேர்ல வேணா இருக்கலாம். பெரியப்பாவுக்கு வாரிசு நீங்க ஒருத்தர்தான். உங்க பேருக்கு மாத்தணும்னா மாத்தலாம். சித்தப்பா பேருக்குத்தான் கொடுக்கணும்னு உங்களுக்கு மனசு இருந்தா அதுக்கும் மனுக் கொடுக்கலாம், நான் தடுக்க மாட்டேன். ஆனா தெரிஞ்சுதான் கொடுக்கணும். தெரியாம கொடுக்கக்கூடாது." மேலதிகாரி தலையாட்டி, "சரியாணு" என்றார். பஸ் முதலாளி! இத்தனை வருஷமாக பஸ்களுக்கு நடுவிலேயே வண்டி ஓட்டியவன் நான், இது எனக்கு ஏன் தோன்றவில்லை? ஸ்டாண்டில் ஒரு மண்டைக்கும் ஏன் தோன்றவில்லை?

மதினி துணிப்பையின் காதைத் திருகிக்கொண்டே நின்றார்கள். பிறகு, ஏதோ கடையில் சாமான் கேட்கிற குரலில், "அப்ப என் பேருக்கே மாத்திருங்கம்மா" என்றார்கள். தங்கராசு முகம் செத்துவிட்டது. அவனையும் நீ விடவில்லை. "சித்தப்பா, நீங்கதான் வண்டியை ஓட்டணும். உங்களைவிட்டா யாரு? பெரியம்மா பேர்ல நீங்க ஓட்டுங்க. உங்க பேர்ல தனியா ஒரு பெர்மிட்டுக்கு மனுப் போடவும் நான் வழி சொல்லித் தாரேன்" என்றாய். அந்த இடத்தில் உன்னை எனக்கு எவ்வளவு பிடித்தது தெரியுமா? மதினி பக்கம் சாய்ந்துவிட்டு அவனை அப்படியே விட்டிருந்தால்கூட நியாயம்தான். நீ அவனுக்கும் ஒரு கதவைத் திறந்து வைத்தாய். ஆனால் அவன் காதில் ஒன்றும் ஏறவில்லை. "அண்ணன் வண்டியை நான் தட்டிப் பறிக்க வந்தவன்னு ஆக்கிட்டியே மோளே, இத்தனை பேருக்கு முன்னால" என்றான். "மதினிகிட்ட கூலிக்கு வண்டி ஓட்டவா என்னைப் பெத்தாங்க?" அண்ணன் வண்டிச் சாவியை எடுத்துக் கவுண்டரில் வைத்துவிட்டு வெளியே போனான். என் வண்டியில் ஏறாமல் பஸ் ஏறிப் போய்விட்டான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் நான் உன்மேல் எரிந்து விழுந்தேன், ஞாபகம் இருக்கும். "உனக்கு எதுக்குட்டி இந்த வேலை? பத்திரம் சரியா இருந்துச்சுல்ல?" என்று கத்தினேன். நீ செருப்பைக் கழற்றி வைத்து, காலைக் கழுவிவிட்டு வந்து, அடுப்பில் சாயாவுக்குத் தண்ணீர் வைத்தாய். "பத்திரம் சரியாத்தான் இருந்துச்சுப்பா. பெரியம்மா முகம் சரியா இல்லை" என்றாய். உன் அம்மா இருந்திருந்தால் உன்னைக் கட்டிப்பிடித்திருப்பாள். எனக்கு அதெல்லாம் வராது, நான் போய் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டேன். ஆனால் உட்கார்ந்து நினைத்தது இதுதான்: இந்தப் பிள்ளையை எனக்கு யார் கொடுத்தது?

பெர்மிட் மதினி பேருக்கு மாறி வந்தது. காகிதத்தை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்குத்தான் முதலில் வந்தார்கள். தோசை மாவு ஒரு பாத்திரம், காகிதம் ஒரு கையில். "தம்பி, இதுல என் பேரு எங்க இருக்கு?" என்றார்கள். விரலை வைத்துக் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "எம் பேரு ரேஷன் கார்டுல மட்டும்தான் இருந்துச்சு. பாத்தீங்களா, கவர்மெண்டு வண்டிக் காகிதத்துல வந்துட்டேன்." நீ அப்போது ஆபீசில் இருந்தாய், அந்தச் சிரிப்பைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பிளாட்பாரத்தில் அப்படி ஒரு வார்த்தை உன் வாயில் வந்திருக்காது.

அப்புறம் நடந்தது உனக்கும் தெரியும். காகிதம் வந்தது, டிரைவர் வரவில்லை. எங்கள் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு: ஒருத்தன் கோபித்துக்கொண்டு சாவியைத் திருப்பி வைத்துவிட்டால், அவன் வாயால் சரி என்று சொல்கிறவரை வேறொருவன் அந்தச் சாவியைத் தொட மாட்டான். சண்டையில் ஒருவன் வயிற்றில் இன்னொருவன் அடிக்கக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட நல்ல வழக்கம்தான் அது. இப்போது அதுவே மதினியின் கழுத்தில் விழுந்தது. ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும், "தங்கராசு ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்றார்கள். களமசேரிப் பக்கத்திலிருந்து ஒரு பையனைப் பேசிக் கூட்டி வந்தோம், ஸ்டாண்டில் ஒருவரும் அவனிடம் முகம் கொடுக்கவில்லை, அன்றைக்கே ஓடிப்போனான். வண்டி மதினி வீட்டுக்கு முன்னால் தார்ப்பாய்க்குள் நின்றது. மழைக்காலம் முழுக்க நின்றது. பேட்டரி போனது, ஒரு டயர் தரையோடு தரையாய் உட்கார்ந்தது. வரியும் இன்சூரன்சும் வண்டி நிற்கிறதே என்று நிற்குமா? மதினி வீட்டில் தோசை மாவு அரைத்து விற்று அதைக் கட்டினார்கள். தினமும் அந்த வழியாக நடந்து போய், தார்ப்பாயைப் பார்த்துவிட்டு, நீ வாடிய முகத்தோடு வீட்டுக்கு வருவாய். மாறுதல் வந்தபோது உனக்கு அதில் பாதி நிம்மதி என்றுகூட நான் நினைத்தேன்.

அதற்குள் என் வண்டிக்கும் வயசாகிவிட்டது. நீ சொன்னபடியே அதை விற்று, பெர்மிட்டையும் ஒப்படைத்தேன். "போதும்ப்பா நீங்க ஓட்டினது. என்கூட வந்து இருங்க. கடல் பக்கத்துலயே வீடு பாத்திருக்கேன்" என்றாய். சந்தோஷமாகத்தான் சரி என்றேன். உன்னைவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? நீ ரயில் ஏறின மறுநாள் பெட்டியை இறக்கலாம் என்று நாற்காலி போட்டு ஏறியவன், பாதியிலேயே இறங்கிவிட்டேன். நீ சொன்ன அந்த வார்த்தை காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அன்றைக்குத்தான் வண்டித் தரகன் ஒருவன் மதினி வீட்டு வாசலில் நின்று தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று கேள்விப்பட்டேன். வண்டி போனால் பெர்மிட்டை வைத்து என்ன செய்வது? அவ்வளவுதான், எல்லாம் முடிந்துவிடும்.

நேரே தங்கராசுவிடம் போனேன். கலூரில் வேறொருவனுடைய வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறான் இப்போது. அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிடித்தேன். "உங்கண்ணன் வண்டி தார்ப்பாய்க்குள்ள கிடந்து அழியுதுடே. நான் எடுக்கப்போறேன். ஒரு வார்த்தை சொல்லு" என்றேன். "என்கிட்ட எதுக்குக் கேக்கீங்க? உங்க மகள்ட்ட கேளுங்க. அவதானே சட்டம்" என்றான். "சரி, அப்ப உன்கிட்ட கேக்கலை. சொல்லிட்டேன்" என்று திரும்பிவிட்டேன். எங்கள் ஸ்டாண்டின் வழக்கத்தை மீறினதில் நான்தான் முதல் ஆள். வருத்தம்தான். ஆனால் வழக்கத்துக்காக ஒரு மனுஷியைப் பட்டினி போட முடியாது என்று நீ எனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டாய், நான் என்ன செய்ய?

மதினி வீட்டுக்குப் போய், "வண்டிக்கு டிரைவர் வேணும்னு கேள்விப்பட்டேன்" என்றேன். "விளையாடாதீங்க தம்பி" என்றார்கள். விளையாட்டு இல்லை என்று தெரிந்ததும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "லைசன்ஸ் இருக்கா?" என்று கேட்டார்கள். இத்தனை வருஷமாக நான் வண்டி ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்கள்! "இருக்கு மதினி" என்றேன். "காட்டுங்க. கோமதி சொல்லியிருக்கு, பாக்காம ஆளு வைக்கக்கூடாதுன்னு." எடுத்துக் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் போட்டோவையும் என் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார்கள்.

பேட்டரி மாற்றி, டயர் மாற்றி, கழுவித் துடைத்து, போன திங்கட்கிழமை காலையில் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் வரிசையில் கடைசியில் நிறுத்தினேன். யாரும் பேசவில்லை. வரிசை நகரும்போது டீசலை மிச்சம் பிடிக்க ஒருத்தன் வண்டியை இன்னொருத்தன் தள்ளிக் கொடுப்பது எங்களுக்குள் உண்டு, அன்று என் வண்டியை நானே ஒரு கதவைத் திறந்து வைத்துத் தள்ளினேன். மூச்சு வாங்கியது. அவமானமாகவும் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும். மத்தியானம் என் முறை வந்தபோது மதுரைக்காரர்கள் ஒரு குடும்பம் வந்தது. வண்டியின் பக்கவாட்டில் உரிமையாளர் பேரை எழுத வேண்டும் அல்லவா, மதினி பேரைப் புதுசாக ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தேன். அந்த வீட்டுப் பெரியவர் அதை வாசித்துவிட்டுக் கேட்டார், "சொர்ணம்னு போட்டிருக்கே, யாருங்க? உங்க வீட்டம்மாவா?"

ஸ்டாண்டில் அத்தனை காதுகளும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தன. நான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன், "இல்லைங்க. எங்க முதலாளி."

அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, கோமதி. இத்தனை காலம் இந்தத் தொழிலில் எனக்கு அந்த மாதிரி ஒரு ஓட்டம் வாய்த்ததில்லை. நேற்று சாயங்காலம் தங்கராசு ஸ்டாண்டுக்கு வந்தான். என் முகத்தைப் பார்க்காமல், வண்டியின் போனட்டைப் பார்த்துக்கொண்டே, "அதுல கிளட்ச் மேலதான் பிடிக்கும். காலை மெதுவா விடுங்க, இல்லைன்னா அடிச்சுரும்" என்றான். சொல்லிவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு வரிசை நகர்ந்தபோது பின்னாலிருந்து யாரோ வண்டியைத் தள்ளினார்கள். யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகவே நீ ஒன்றையும் கெடுக்கவில்லை, என் கண்ணே. உனக்குச் சொல்ல வேண்டியது இந்த ஒன்றுதான். ஆபீஸ் செய்யக்கூடியதை நீ முழுசாகச் செய்தாய். வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள், நானும் செய்திருக்க மாட்டேன். மிச்சம் இருந்தது ஆபீஸ் வேலை இல்லை, ஸ்டாண்டு வேலை. அதைச் செய்ய எங்களுக்குத்தான் தாமதமாகிவிட்டது. காசர்கோட்டிலும் யாராவது ஒரு பெரியம்மா, வாசிக்கத் தெரியாத காகிதத்தோடு உன் முன்னால் வந்து நிற்பாள். அவளிடமும் கேள். முகம் சரியில்லை என்றால் கேள். வரிசையில் பின்னால் நிற்கிறவன் சத்தம் போட்டால் போடட்டும்.

உன்கூட வந்து இருக்க முடியாது என்பதைத்தான் இவ்வளவு சுற்றி வளைத்துச் சொன்னேன். கோபப்படாதே. சாப்பாட்டுக்குக் குறை இல்லை, மதினி வீட்டு மாவு தினமும் வந்துவிடுகிறது. உன்னைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியாது, அதனால் ஓணத்துக்கு நாலு நாள் அங்கே வரலாம் என்று நேற்று லீவு கேட்டேன். முதலாளி கணக்குப் பார்க்கிற மாதிரி மேலே பார்த்து யோசித்துவிட்டு, "ஓணம் சீசன்ல டிரைவருக்கு லீவா? நல்லாருக்கே! பொறகு பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார்கள்.

அப்பா